உனக்குப் பதிலாக நான் சொன்ன பதில்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே வைத்துச் சொல்ல எனக்கு எத்தனையோ இருந்தது. நான் சொன்னதெல்லாம் நெத்திலி சம்பால் டப்பாவை நிமிர்த்தி வை, ஜொகூரில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் காய்ச்சிக் குடி, அவ்வளவுதான். நீயும் "சரி ம்மா, சரி ம்மா" என்று தலையாட்டினாய். உன் அப்பா பேருந்து நேரங்கள் ஓடும் பலகையைப் பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி படித்துக்கொண்டிருந்தார். கேட்டைத் தாண்டிப் படியில் இறங்குவதற்கு முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். கையைத் தூக்கினாயா, பையைச் சரி செய்தாயா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தூக்கினாய் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வாட்சப்பில் அனுப்பினால் இரண்டு நீல டிக் வரும், பதில் வராது. அதனால் இதைக் கையால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நம்முடைய ஞாயிறு பத்திரிகைக்கும் ஒரு நகல் கொடுக்கப்போகிறேன். கோபப்படாதே, உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. கிள்ளானில் வேலை போன ஒரு பையன், வாயாடி ஒரு அம்மா என்றால் எந்த வீடு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு வீடுகள் இருக்கின்றன. எனக்குத் தெரியும், நான் போய்க் கதவைத் தட்டியிருக்கிறேன்.

நான் வேலை பார்த்த லோரிக் கம்பெனி கோவிட் நேரத்தில் மூடியபோது, இந்த வயதில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று அழுதது உனக்கு நினைவிருக்கும். பிறகுதான் இந்தக் கணக்கெடுப்பு வேலை கிடைத்தது. கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், தலைக்குக் குடை. வீடு வீடாகப் போய், இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள், யார் யார் வேலைக்குப் போகிறீர்கள், போகாதவர் ஏன் போகவில்லை என்று கேட்க வேண்டும். நான் கேட்டு அனுப்புவதும் மற்றவர்கள் அனுப்புவதும் மேலே எங்கோ சேர்ந்து, கடைசியில் வானொலிச் செய்தியில் வரும்: இந்த மாநிலத்தில் வேலையில்லாதவர்கள் இவ்வளவு, அதில் இளைஞர்கள் இவ்வளவு. "அம்மா கவர்மென்ட் ஆளாயிட்டாங்க" என்று நீ கேலி செய்தாய். முதல் நாள் என்னை செராஸ் அடுக்குமாடி வீடுகளுக்கு உன் காரில் கொண்டுபோய் விட்டதே நீதான். அப்போது உனக்கு வேலை இருந்தது. கார் இருந்தது. காலையிலேயே பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டுவாய்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. வீட்டில் எல்லோரும் இருக்க வேண்டும் என்பதில்லை. விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால் போதும், மற்றவர்களுக்காக அவரே பதில் சொல்லலாம். நம் வீடுகளில் அந்தப் பெரியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் ஓர் அம்மா கைலியைச் சரி செய்துகொண்டு வந்து கேட்டருகே நிற்பாள். புருஷனுக்கும் அவளே பதில், பிள்ளைகளுக்கும் அவளே பதில். அவர்களைப் பார்த்து நான் மனசுக்குள் சிரிப்பேன், என்னையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருக்கும். முதலாம் வகுப்பில் உன்னைச் சேர்க்கப் போனபோது டீச்சர் குனிந்து உன்னிடம் பெயர் கேட்டார். நான் சொன்னேன். என்ன பிடிக்கும் என்று கேட்டார். அதையும் நான்தான் சொன்னேன். "அம்மா, நான் தம்பிகிட்ட கேட்டேன்" என்று டீச்சர் சிரித்தார். நீ என் சேலைக்குப் பின்னால் நின்று, நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தாய்.

உன் ஷா ஆலாம் தொழிற்சாலையில் அன்றைக்கு எல்லோரையும் கேன்டீனில் கூட்டி, ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம் கொடுத்து, கம்பெனியை வேறு நாட்டுக்கு மாற்றுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீ அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தாய். என்ன விசேஷம், யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டுக்கொண்டே நான் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். பாதி சாப்பிட்ட பிறகுதான் நீ சொன்னாய். வாயில் இருந்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். நீ போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். வேலை போனது உனக்கு, தண்ணீர் எனக்கு. உன் குணம் அது.

இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிடும் என்று நாம் எல்லோருமே நம்பினோம். எஞ்சினியரிங் டிப்ளோமா இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, கை சுத்தம். காஜாங்கில் ஒரு நேர்காணல், பூச்சோங்கில் ஒன்று, செமினியில் ஒன்று. போகும்போது இஸ்திரி போட்ட சட்டை, வரும்போது வியர்வையில் நனைந்த சட்டை. உன்னோடு வேலை இழந்தவர்கள் எல்லோரும் அதே இடங்களில் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு நாள் சொன்னாய். பிறகு காரைக் கொடுத்துவிட்டு, அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு சாப்பாடு டெலிவரி செய்யப் போனாய். ஒரு நாள் போவாய், மழை என்றால் போகமாட்டாய், மோட்டார் கெட்டால் ஒரு வாரம் போகமாட்டாய். அதை நீ வேலை என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "சும்மா போய்ட்டு வரேன் ம்மா" என்றுதான் சொல்வாய்.

நான் அப்போது என்ன செய்தேன்? பிரிக்பீல்ட்ஸில் நம் சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா உன்னைப் பார்த்து, "தம்பி இப்ப எங்க வேலை?" என்று கேட்டார். நீ தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டேன். "அதே ஷா ஆலாம்தான் க்கா, இப்ப புரமோஷன் வேற." நீ இலையை மடித்துவிட்டு எழுந்தாய், பாயசம் இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் நீ வரவில்லை. நான் உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன் தம்பி, சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பிறகுதான் கணக்கெடுக்க அந்தப் பெண் வந்தாள். கணக்கெடுக்கிறவர்களின் வீடும் கணக்கெடுப்பில் வரும் என்று எனக்குத் தெரியும், ஆனால் நம் வீடு வரும் என்று நினைக்கவில்லை. என் வீட்டை நானே கேட்டு எழுதக் கூடாது, அதனால் வேறு பகுதியிலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள். மலாய்ப் பெண், உன் வயதுதான் இருக்கும், என்னை ஆன்டி என்கிற மாதிரி மக்சிக் என்று கூப்பிட்டாள். நல்ல வெயில். நான் கேட்டைத் திறந்து உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு அந்தப் பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரே செடிக்கே ரொம்ப நேரம் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். அப்பா ஜாகா, காவல்காரர் வேலை என்று சொன்னேன். உன் பெயர் வந்தது. "மகன் போன வாரம் வேலை செய்தாரா மக்சிக்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் எத்தனை வீட்டு வாசலில் கேட்டிருப்பேன். பொய் சொல்கிற அம்மாக்களை எத்தனை தடவை வீட்டுக்கு வந்து உன்னிடமும் அப்பாவிடமும் குறை சொல்லியிருப்பேன். அதே வாயால் சொன்னேன்: "எஞ்சினியர். ஷா ஆலாம் ஃபேக்டரியில் முழுநேர வேலை."

நீ கூடத்தில்தான் இருந்திருக்கிறாய். அரைக்கால் சட்டையோடு வெளியே வந்தாய். என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணிடம் மலாயில் நிதானமாகச் சொன்னாய்: "சாயா தாக் கெர்ஜா. எனக்கு வேலை இல்லை. ஃபேக்டரி மூடிட்டாங்க. அதையே எழுதுங்க." வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. உன் குரல் நடுங்கவில்லை தம்பி. வேலை போன நாளிலிருந்து நீ யாரிடமும் வாயால் சொல்லாத வார்த்தை அது. ஒரு மூன்றாம் ஆளிடம், வெயிலில், பக்கத்து வீடு கேட்க, நிமிர்ந்து நின்று சொன்னாய். வெட்கத்தோடு வெட்கமாக எனக்கு அப்போது பெருமையாகவும் இருந்தது. அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அந்தப் பெண் நான் சொன்னதை அழித்தாள். அடுத்த கேள்வி அவள் கேட்டுத்தான் ஆக வேண்டும். போன வாரம் காசுக்காக ஒரு மணி நேரமாவது ஏதாவது செய்தீர்களா? நீ யோசித்தாய். சனிக்கிழமை மத்தியானம் கொஞ்ச நேரம் சாப்பாடு டெலிவரி செய்தேன் என்று சொன்னாய். அவள் முகம் மாறியது. எனக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும், அதனால் நான் தரையைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் செய்திருந்தாலும் கணக்குப்படி நீ வேலையில் இருப்பவன். "அது வேலையா?" என்று கேட்டாய். "விதி அப்படி, பாங்" என்று அண்ணனிடம் சொல்கிற மாதிரி அவள் மெல்லச் சொன்னாள். பிறகு, கேட்காமலே, அவளும் பட்டம் படித்தவள்தான், இந்தத் தற்காலிக வேலை முடிந்தால் அடுத்து என்ன என்று அவளுக்கும் தெரியாது, அவளும் வேலையில் இருப்பவர் பக்கம்தான் என்றாள். கிளம்பும்போது ஆணியில் தொங்கிய என் அட்டையைப் பார்த்துவிட்டாள். "மக்சிக்கும் நம்ம வேலைதானா?" என்று கேட்டாள்.

அவள் போன பிறகு நீ என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய், "ம்மா, நீங்க பொய் சொன்னீங்க. நான் உண்மையச் சொன்னேன். ரெண்டும் ஒரே இடத்துல தான் போய் விழுந்துச்சு." சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. அன்றைக்கிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு போய் உன் அறையில் சாப்பிட்டாய். கதவை நீ பூட்டவில்லை, வெறுமனே சாத்தினாய். ஆனாலும் தட்டுவதற்கு எனக்குக் கை வரவில்லை. ஊரார் கதவையெல்லாம் தட்டுகிற கை.

அந்தக் காலாண்டு அறிக்கை வந்த அன்று நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வானொலியில் நல்ல குரலில் சொன்னார்கள்: சிலாங்கூரில் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, இளைஞர்களிடமும் குறைந்திருக்கிறது. உன் அப்பா ஜாகா சட்டையின் பட்டனைத் தைத்துக்கொண்டிருந்தார். "நம்ம பையன் அதுல இருக்கானா?" என்று கேட்டார். இருக்கிறான் என்றேன். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். வேலை இருக்கிற பக்கம் என்று சொன்னேன். அவர் ஊசியில் நூலைத் திரும்பக் கோத்தார். அந்தக் கணக்கு பொய் என்று நான் சொல்ல மாட்டேன் தம்பி. அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது, எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள், எல்லா நாட்டிலும் அப்படித்தானாம். குறைந்த நேரம் வேலை செய்கிறவர்களுக்கு வேறு ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் செய்தியில் உன் மூடிய கதவு இல்லை. அது எங்கேயும் இல்லை.

போன வாரம் செமினியில் ஒரு வீடு. புதுத் தாமான், வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். அந்த அம்மா கேட்டருகே வந்து எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். மகன் என்றதும், "அவன் பிஸினஸ் பண்றான் ஆன்டி, ஆன்லைன்ல" என்றார். மாடி ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது. வழக்கமாக இருந்தால் நான் பிஸினஸ் என்று அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன், விதிப்படி அது போதும். அன்றைக்கு என்னால் முடியவில்லை. "அவர்கிட்டயே கேட்கலாமா ம்மா? நான் வெயிட் பண்றேன்" என்றேன். "தூங்குறான் லா. நான்தான் சொல்றேன்ல" என்று அவருக்குக் கோபம் வந்தது. எனக்கும் வீட்டில் ஒரு பையன் இருக்கிறான் என்று சொன்னேன். அவர் மாடியைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்தப் பையன் இறங்கி வந்தான். தாடி, உன்னைவிட ஒல்லி. வேலை தேடுகிறீர்களா என்று கேட்டேன். "தேடுனேன் ஆன்டி. இப்ப தேடல" என்றான். ஏன் என்று கேட்க வேண்டும், கேட்டேன். அவன் அம்மாவைப் பார்த்தான், பிறகு சொன்னான்: "அனுப்பி அனுப்பிப் பார்த்தேன். வேணாம்னுகூட யாரும் சொல்லல." அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அதுவரை அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். நான் கேட்டதால் பையனுக்கு வேலை கிடைத்துவிடவில்லை. ஆனால் நான் கிளம்பும்போது, அந்த அம்மா அவனிடம், "சாப்பிட வாயேன்" என்று சொன்னது காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் கதவைத் தட்ட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். வந்தால் நீ கூடத்தில் பையை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாய். சிங்கப்பூரில் வேலை, ஜொகூரில் நண்பர்களோடு அறை, விடியும் முன்பே எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். "கிடைச்சிருச்சு ம்மா" என்றாய். சந்தோஷமாகச் சொன்னாயா என்று உன் முகத்தைப் பார்த்தேன். களைப்பாகச் சொன்னாய்.

புத்தி சொல்லாமல் ஒரு அம்மா கடிதம் எழுத முடியுமா? கொஞ்சம் கேட்டுக்கொள். தூக்கத்தை விட்டுவிட்டு ஓவர்டைம் எடுக்காதே, மோட்டாரில் பாலம் தாண்டுகிறவர்கள் தூக்கத்தில்தான் விழுகிறார்கள். கடவுச்சீட்டை யார் கேட்டாலும் கையில் கொடுத்துவிட்டு வராதே. அங்கே யாராவது என்ன வேலை என்று கேட்டால் இருப்பதை இருக்கிறபடி சொல், அன்றைக்குச் சொன்ன மாதிரி. அந்த வேலையும் ஒரு நாள் இல்லாமல் போகலாம், கம்பெனிகளை நாம் பார்த்துவிட்டோம். அப்படிப் போனால் விளக்கம் எதுவும் யோசிக்காதே, பேருந்து ஏறி வந்துவிடு. பக்கத்து வீட்டு ஆன்டி கேட்டால் நீயே சொல்லிக்கொள்வாய். நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருப்பேன்.

இன்றைக்குக் காலையில் அந்தப் பெண் போன் செய்தாள். அதே வீடுகளை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம், அடுத்த வாரம் வியாழக்கிழமை வருகிறேன் மக்சிக் என்றாள். குரலில் ஒரு தயக்கம். முதல் கேள்வி என்ன என்று எனக்கு மனப்பாடம்: இந்த வீட்டில் வழக்கமாகத் தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர்? வேலைக்காக வேறு ஊரில் போய்த் தங்கியிருப்பவர்களைச் சேர்க்கக் கூடாது. விதி அதுதான், நானே எத்தனையோ அம்மாக்களிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் என்று நான் சொல்ல வேண்டும். மூன்றாவது வரியில் உன் பெயர் இருக்கும். அவள் விரலால் அதை எடுத்துவிடுவாள். பிறகு உனக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிலாங்கூர் கணக்கில் நீ கிடையாது. குறைந்திருக்கிறது என்று சொல்கிறார்களே, குறைந்தவர்களில் எத்தனை பேர் உன்னைப் போலப் பேருந்து ஏறியவர்கள் என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தேன்.

உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வாய் திறந்து பேசுகிற மனிதரில்லை, உனக்குத் தெரியும். வாழ்நாளில் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. "மூணுன்னு சொல்லு" என்றார். "விதி அப்படி இல்லங்க" என்றேன். "விதி கெடக்கு. மூணுன்னே சொல்லு லா" என்றார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

நான் என்ன சொல்லட்டும் தம்பி? உனக்காக எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்காமலே. இந்த ஒன்றை உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன். இந்த வீட்டில் எத்தனை பேர் என்று நீ சொல். வியாழக்கிழமைக்குள் போன் பண்ணு. நீ சொல்லும் வரை அந்தப் பெண்ணைக் கேட்டுக்கு உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, தேநீர் கொடுத்துக் காக்க வைத்திருப்பேன்.

போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கும்,
அம்மா